வேனில் கட்டிய வாழைக்கன்று

ஆயுத பூஜைக்கு மறுநாள், பெங்களூரு ஆஸ்டின் டவுனிலிருந்து என் கணவர் ஓட்டும் வேனிலேயே காட்டுக்குக் கிளம்பினோம். முன் பம்பரின் இரண்டு பக்கமும் கட்டியிருந்த வாழைக்கன்றுகளைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். "நேத்து கட்டினத இன்னிக்கே கழட்டினா நல்லாவா இருக்கும்?" என்றார்.

விடியலில் ஜீப், மதியம் ஓய்வு, மாலையில் மறுபடி ஜீப். சஃபாரி விடுதியில் அன்றாடம் இதுதான். போய்ச் சேர்ந்த மறுநாள் காலைச் சுற்றில் மான்களைத் தவிர எதுவும் தென்படவில்லை. திரும்பியதும் என் மகள், அறை புழுங்குகிறது என்று வேனின் பின் சீட்டில் போய்ப் படுத்துக்கொண்டாள். காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியே குரங்குகளின் சத்தம் சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். வேனுக்கு முன்னால் ஒற்றை யானை நின்றது.

"பாப்பா உள்ள இருக்கா" என்று கணவர் எழுந்தார். விடுதிக் காவலர் அவர் தோளை அழுத்தினார். "சும்னிரி சார், சும்மா இருங்க. சத்தம் போட்டா வண்டியப் பொரட்டிடும்."

யானை முதல் கன்றைப் பிடுங்கியபோது வேன் குலுங்கியது. நிதானமாக மென்றுவிட்டு இரண்டாவதை இழுத்தது. பிறகு திறந்திருந்த ஜன்னலுக்குள் தும்பிக்கையை விட்டுத் துழாவியது.

அது போன பின் ஓடினோம். மகள் சீட்டுக்கு அடியில், இரு கைகளாலும் வாயைப் பொத்தியபடி கிடந்தாள்.

இப்போதும் வாழைக்கன்று கட்டுகிறோம். வெளியூர் கிளம்பும் முன் நானே அறுத்துவிடுகிறேன். மகள் பின்னாலேயே வந்து, பம்பரில் நாராவது ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள்.