ஓலையோடு போன கார் புத்தகங்கள்

வலங்கைமானிலிருந்து கும்பகோணம் போகிற சாலையில் மிக்கேல்ராஜின் பட்டறை இருக்கிறது. வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பது அவருக்கு வேலை. ஷேர் ஆட்டோ, மினி லாரி, டிராக்டர், எது வந்தாலும் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுப்பார். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் அவரிடம் பதினான்கு இங்கிலீஷ் புத்தகம் இருந்தது.

எல்லாம் அமெரிக்காவில் அறுபது வருஷத்துக்கு முன் அச்சடித்த கார் பத்திரிகை. பட்டறைக்கு வண்டி கொண்டுவந்து பழக்கமான நாகூர் ஆஸிமுடைய வாப்பா கப்பலில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிச் சேர்த்தவை. வாப்பா மௌத்தான பிறகு ஆஸிம், "வீட்ல சும்மா கிடக்குண்ணே, நீங்க வச்சுக்கங்க" என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அது ஆகிறது பன்னிரண்டு வருஷம்.

சாதாரணக் கார் இல்லை அதில் இருப்பது. வாங்கின காரைத் தன் இஷ்டத்துக்கு அறுத்து ஒட்டித் தனக்கென்று செய்துகொண்ட கார்கள். ஒன்றுக்குக் கூரையை ஒரு சாண் வெட்டித் தாழ்த்தியிருப்பார்கள். இன்னொன்றுக்கு விளக்கை உள்ளே தள்ளிப் புதைத்திருப்பார்கள். ஒரு சிவப்புக் கார், அதை அவர் எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். காய்ந்த பெயிண்ட் மாதிரியே இருக்காது. இப்போதுதான் ஊற்றி வைத்த நன்னாரி சர்பத் மாதிரி இருக்கும். மூன்று வருஷம் மண்டையைக் குடைந்து, அடியில் வெள்ளிநிறம் அடித்து அதன்மேல் தெளிந்த சிவப்பை ஏழு தடவை மெலிசாக ஓட்ட வேண்டும் என்று படத்தைப் பார்த்தே கண்டுபிடித்தார். ஒரு ஷேர் ஆட்டோவுக்கு அப்படி அடித்துக் கொடுத்தார். அந்த ஆட்டோ வெயிலில் வந்து நின்றால் ஏறுகிற சனம் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறும்.

ஒரே ஒரு சங்கடம். சில பக்கங்களில் காரோடு சாய்ந்துகொண்டு அரைகுறைத் துணியில் ஒரு பெண் நிற்கும். கிழித்துப் போடலாம் என்றால் பின்பக்கத்தில் இன்னொரு கார் இருக்கிறதே. மிக்கேல்ராஜ் யோசித்து, கோயில் காலண்டரிலிருந்து மாதா படம், அந்தோணியார் படம் எல்லாம் அளவாக வெட்டி, மைதாப் பசை தடவி அந்தப் பெண்கள்மேல் ஒட்டிவிட்டார். அதன்பிறகு மனசுக்கு நிம்மதி.

போன மழையில் பட்டறைக் கூரை ஒழுகியது. புத்தகங்களைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். "என்னது?" என்று கேட்ட மனைவி மரியபுஷ்பத்திடம், அவள் பிரித்துப் பார்த்துவிடுவாளோ என்கிற கூச்சத்தில், "கோயில் புத்தகம் மாதிரி. பத்திரமா வை" என்றார். 'மாதிரி' என்பது அவளுக்குக் காதில் விழவில்லை.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை. ஆஸிம் தன் பழைய அம்பாசடரை நாகூரிலிருந்து ஓட்டி வந்து பட்டறையில் நிறுத்தினார். "அண்ணே, வாப்பாவோட புத்தகத்துல ஒரு கலர் பாத்து எடுத்து, அதே மாதிரி அடிச்சுக் குடுங்க. வாப்பா ஓட்டின வண்டி."

"ஒரு நிமிஷம் தம்பி" என்று டி.வி.எஸ். ஐம்பதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார் மிக்கேல்ராஜ். பரணில் சாக்கு இல்லை.

"அதா? நேத்தே கோயிலுக்குக் குடுத்துட்டேனே" என்றாள் மரியபுஷ்பம். "கரையான் வச்சிருக்குமோன்னு பிரிச்சுப் பாத்தேன். ஒரே பழசு. விரிஞ்ச பக்கத்துல மாதா படம், அதுக்குமேல பாக்கலை. மாதா படத்தைப் பழைய பேப்பர்காரன்ட்ட போடலாமா? நாளைக்கு எவனாவது அதுல பஜ்ஜி மடிச்சுக் குடுப்பான். அதான் போன வருஷத்துக் குருத்தோலையோட சேத்து எரிச்சிரச் சொல்லி உபதேசியார்ட்ட குடுத்துட்டேன்."

மிக்கேல்ராஜ் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, என்னங்க ஆச்சு?"

"அது கார் புத்தகம்டி."

"கார் புத்தகத்துல மாதாவுக்கு என்னங்க வேலை?"

பதில் சொல்ல நேரமில்லை. செவ்வாய் மத்தியானம் ஓலையை எரித்துத்தான் மறுநாள் நெற்றியில் பூசுகிற சாம்பல் எடுப்பார்கள். வண்டியைக் கிளப்பினார். பாதி ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியை ஓர் அறுவடை மெஷின் அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போனது. ஹாரன் அடித்தால் அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற அந்தோணியாரிடம் வேண்டிக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்தவருக்கு, அவர் படத்தை எங்கே ஒட்டினோம் என்பது ஞாபகம் வந்துவிட்டது. "ஆண்டவரே, நீரே பாத்துக்கும்" என்று நேரே மேலிடத்துக்கே போய்விட்டார்.

தூரத்திலேயே கோயிலுக்குப் பின்னால் புகை தெரிந்தது.

தகர டின்னில் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார் கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் ஜோசப்ராஜ். டின்னுக்குள் பொசுங்கின ஓலை மட்டும் சுருண்டு கிடந்தது.

"புத்தகம்... என் வீட்டுக்காரி குடுத்த புத்தகம்?"

"அதையா எரிப்பாங்க?" என்றார் உபதேசியார் முகத்தைச் சுளித்து. "வழுவழுத் தாளு. கருப்புக் கருப்பாச் சுருளும், சாம்பலே ஆகாது. அப்புறம் நாளைக்கு நெத்தியில என்னத்தைப் பூசுறது? இருபத்தஞ்சு வருஷமாச் சாம்பல் எடுக்கிறேன், ஓலையைத் தவிர ஒரு குச்சி சேக்க மாட்டேன்."

மிக்கேல்ராஜ் அப்போதுதான் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார். "எங்க இருக்குங்க?"

"ஃபாதர் ரூம்ல. நேத்துலேருந்து அவர்தான் பாத்துக்கிட்டு இருக்காரு."

போட்ட ஸ்டாண்டைத் திரும்ப எடுத்துவிடலாமா என்று பார்த்தார் மிக்கேல்ராஜ்.

ஃபாதர் வயதில் சின்னவர், முப்பத்தைந்து இருக்கும். விரித்த புத்தகத்தோடே வராந்தாவுக்கு வந்தார். "வாங்க மிக்கேல்ராஜ். உங்களுதுதானா? ஒரு சந்தேகம். இந்தப் பச்சைக் கார் பக்கத்துல மாதா நிக்கிறாங்க. சரி. மாதாவுக்குக் கீழ ரெண்டு ஹீல்ஸ் செருப்புத் தெரியுதே, அது யாருது?"

ஒட்டும்போது காலண்டர் படம் அரை விரல் பத்தாமல் போயிருக்கிறது. மிக்கேல்ராஜ் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பாவசங்கீர்த்தனத்தில்கூட இவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை.

ஃபாதர் சிரித்த சிரிப்பில் உபதேசியார் கிளறுகிற குச்சியோடு எட்டிப் பார்த்தார். "மறைச்சது நல்ல காரியம். ஆனா மாதாவை வெயில்ல நிக்க வைக்காதீங்க. சும்மா வெள்ளைத் தாள் ஒட்டுங்க, போதும்" என்றார் ஃபாதர். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தச் சிவப்புக் காருக்குக் கதவுல கைப்பிடியே இல்லை, பாத்தீங்களா? எப்படித் திறக்கிறதுன்னு கீழ எழுதியிருக்கு" என்றார்.

"எழுதியிருக்கா சாமி? பன்னெண்டு வருஷமா யோசிக்கிறேன்!"

"சக்கரத்துக்குப் பின்னாடி ஒரு பொத்தான் ஒளிச்சு வச்சிருக்காராம். அதை அமுக்கினா கதவு திறக்கும். செஞ்சவர் வீடு வீடா ரொட்டி போடுற ஆளு. வேலை முடிஞ்சு வந்து, மாட்டுக்கொட்டகையில வச்சு நாலு வருஷம் செஞ்சாராம்."

மிக்கேல்ராஜ் எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய கம்பெனி முதலாளிகள் செய்த வண்டி என்றல்லவா நினைத்திருந்தார். "ரொட்டி போடுறவரா?" என்றார். "அப்ப நம்மளை மாதிரிதான்."

சாக்கை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது, ஷேர் ஆட்டோ பிடித்து மரியபுஷ்பமும் வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. "இருக்குதாங்க?"

"இருக்கு, இருக்கு. ஒரு தாள்கூடப் போகலை."

"மாதாவே!" என்று அப்படியே கோயில் படியில் உட்கார்ந்தவள், சாக்கை அவர் கையிலிருந்து வாங்கினாள். "அப்படி என்னதான் இருக்கு இதுல? குடுங்க, நான் பாக்கணும்." ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். ஒரு காரில் விரல் நின்றது. "இந்தப் பச்சை நல்லாருக்கு. நாத்தங்கால்ல பத்தாம் நாள் வருமே, அந்தப் பச்சை."

மிக்கேல்ராஜ் எட்டிப் பார்த்தார். ஆமாம், அதே பச்சைதான். இத்தனை வருஷம் அவருக்குத் தோன்றவே இல்லை.

பையில் போன் அடித்தது. ஆஸிம். "அண்ணே, என்னாச்சு? புத்தகம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது தம்பி, ஆண்டவர் புண்ணியத்துல" என்றார் மிக்கேல்ராஜ், மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி. "ஒரு டீ குடிச்சிட்டு இருங்க. வீட்டுக்காரம்மா பாத்துக்கிட்டு இருக்காங்க, இன்னும் பதினோரு புத்தகம் பாக்கி."