படகில் வாங்கிய வெற்றிலை

என் தம்பியைப் போலக் கழுத்தறுக்கிறவனை நான் பார்த்ததில்லை. மூன்று நாள் ஊர் சுற்றிக் காட்டி, வேளாவேளைக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, சிரித்த முகத்தோடு அதைச் செய்தான்.

பூப்பாறைப் பக்கம் எங்கள் ஏலத்தோட்டத்தில் ஒரு காய் எடுப்பு முடிந்து, அடுத்த எடுப்புக்குக் காய் முற்றிக்கொண்டிருந்த நேரம். போடியில் என் வீட்டுக்கே வந்துவிட்டான். "அக்கா, எந்நேரமும் சோலி சோலின்னு கெடக்க. ஆலப்புழைக்குப் போய் போட்டுல சுத்திட்டு வருவோம். ஒம் மருமகளும் வர்றா" என்றான். மருமகள் என்றது அவன் மகளை.

அவள் பிறந்த அன்றே, "ஒன் வீட்டுக்குத்தான்க்கா" என்று என் மடியில் போட்டவன் அவன். என் மகனுக்கு அவள் முறைப்பெண். மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். இந்தப் பேச்சை எடுத்தாலே, "வேற பேசும்மா" என்பான். அவன் வேண்டாமென்றால் நான் என்ன கட்டியா வைக்க முடியும்? ஆனாலும் பெண்ணை வெளியே கொடுப்பதாக இருந்தால் தம்பி என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வேன் போடிமெட்டு ஏறி, அடிமாலி தாண்டி இறங்கியது. வழியில் இரண்டு அருவிகள். ரோட்டோரத்திலேயே கொட்டுகின்றன. "வெரசா வாங்கத்தே" என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சாரலில் நிறுத்தினாள். முந்தானையெல்லாம் நனையச் சிரித்துக்கொண்டு நின்றேன், பைத்தியக்காரி.

படகில் எங்களோடு கம்பத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். வியாபாரத்தில் பழக்கம் என்றான் தம்பி. அந்த அம்மாள் வாயெல்லாம் பல்லாக என்னோடு ஒட்டிக்கொண்டாள். படகு சின்னச் சின்னத் துறைகளில் நின்று நின்று போனது. பஸ்சுக்கு நிற்பதுபோல ஜனங்கள் குடையோடு படகுக்கு நின்றார்கள். ஒவ்வொரு துறையிலும் இறங்கிக் கடைத்தெருவைப் பார்த்து, ஒரு டீ குடித்துவிட்டு ஏறினோம். சரிவில் ஏறி இறங்கியே தேய்ந்த கால் எனக்கு. நடக்காமலே ஊர்கள் எதிரே வருவது, அடேயப்பா, என்ன சுகம்!

இரண்டாம் நாள் படகிலேயே மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்த அம்மாள் ஒரு தட்டைக் கொண்டுவந்தாள். வெற்றிலை, பாக்கு, பூ, ரவிக்கைத் துணி. "எங்கக்காதான் மூத்தவ. மொதல்ல அவ கையில குடுங்க" என்றான் தம்பி. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தாம்பூலத்தை மறுக்கக்கூடாதென்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "சந்தோசம்த்தா" என்று வேறு சொன்னேன்.

எங்களில் பெண்ணை வெளியே கொடுக்கும்போது, மாப்பிள்ளை வீட்டார் முதல் வெற்றிலையை முறையுள்ள அத்தைக்குத்தான் கொடுக்க வேண்டும். அவள் வாங்கிவிட்டால் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். எத்தனையோ வீடுகளில் நானே முன்னால் நின்று வாங்கவைத்திருக்கிறேன். அதெல்லாம் சொந்தபந்தம் கூடிய வீட்டில் நடப்பது. தண்ணீருக்கு நடுவில், உல்லாசமாகப் போன இடத்தில் யார் நினைப்பார்கள்?

திரும்பும்போது போடிமெட்டில் டீக்கு இறங்கினோம். கம்பத்துக்காரர்கள் முன்பே பிரிந்து போயிருந்தார்கள். தம்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, கோவிச்சுக்காத. அவுக மகனுக்குத்தான் நம்ம புள்ளையப் பேசியிருக்கு. நீயும் வெத்தல வாங்கிட்ட. வர்ற வளர்பிறையில பூ வைக்க வர்றாக."

"அடப்பாவி! இதுக்குத்தான் என்னயக் கூட்டிட்டுப் போனியா?" என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேனுக்குள் இருந்த மருமகள் குனிந்த தலை நிமிரவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. சாரலில் என் கையைப் பிடித்து இழுத்தபோதும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாடா?"

"பயமா இருந்துச்சுக்கா" என்றான். "எனக்கு மட்டுமில்ல. எங்க வீட்டுல எல்லாருக்குந்தான்."

அவன் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பத்து சொல்லியிருப்பேன். தணிந்த குரலில், உள்ளதைச் சொல்வதுபோலச் சொன்னான். நான் வேனில் ஏறி உட்கார்ந்தேன். வேன் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக இறங்கியது. நான் அவர்கள் வீட்டு வாசலில் கால் வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டு எல்லாரும் எழுந்து நிற்பார்கள். அதை மரியாதை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.