நட்சத்திரத்துக்காக நிறுத்திய வேலி

பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்லில் வேலை நின்றுபோய், பையோடு ஒரு தோப்பைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். மின்வேலியோரம் ஒரு அம்மா சின்ன ரேடியோவைக் காதில் அழுத்தியபடி வந்தார். எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். விரலெல்லாம் வார்னிஷ் கறை. ரேடியோவில் ஸ்டேஷன் எதுவும் இல்லை, ‘டிக், டிக்’ மட்டும்.

“பாட்டு வரலீங்களா?” என்றேன்.

“வேலியில கரண்டு துடிக்கறதுங்க. என்ற நட்சத்திரத்தை அமுக்கிப்போடுது.”

சில நட்சத்திரங்கள் ரேடியோ அலையைப் பலமாக வீசுமாம். கோழிவலையில் தானே கட்டிய ஏரியலைப் பெருமையாகக் காட்டினார். விடியும்போது ஒன்று அதற்கு நேராக வரும், இரைச்சல் ஏறி இறங்கும், ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டும் என்றார்.

வேலிக்குச் சொந்தக்காரரான பக்கத்துக் கடலைக்காட்டுக்காரரிடம், அந்த நேரம் மட்டும் அதை நிறுத்தச் சொல்லிக் கேட்டார். அவர் சிரித்தார். “வேலியை நிறுத்துனா, உன்ற நட்சத்திரமா அம்மணி வந்து கடலை தோண்டற பன்னியை முடுக்கும்?”

“நான் முடுக்கறேனுங்க,” என்றேன்.

மறுநாள் விடியலில் வேலி நின்றது. நான் காட்டைச் சுற்றித் தகரம் தட்டினேன். தோப்பிலிருந்து அவர் குரல் வந்தது: “ஏறுதுங்க!”

எத்தனையோ வேலை செய்திருக்கிறேன். நட்சத்திரத்துக்காகப் பன்றி விரட்டியதைத்தான் போகிற ஊரெல்லாம் சொல்கிறேன்.