சோறு தொடாத தேவகியின் எடை

1. ஏறிய முள்

எடை மெஷினில் முள் மறுபடியும் ஏறியிருந்தது. தேவகி இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். அப்போதும் அதே இடம்தான்.

“சத்தியமா சொல்றேன் நர்சம்மா, போன மாசத்துலேர்ந்து சோத்துல கையே வெக்கல,” என்றாள்.

நான் நம்பவில்லை. கிராம சுகாதார நர்ஸாக இருந்த காலம் முழுக்க நம்பாமல் இருப்பதுதான் என் பிழைப்பு. மாத்திரை போட்டேன் என்பார்கள். அட்டை பிரிக்காமல் கிடக்கும். நடந்து வந்தேன் என்பார்கள். வாசலில் ஸ்கூட்டி சூடாக நிற்கும்.

தேவகி பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் ஓட்டுகிறவள். தொப்புள் பக்கம் குடலிறக்கம். இருமினால் பந்து மாதிரி புடைத்து வரும், வலியில் சுருண்டுவிடுவாள். எடை குறையாமல் ஆபரேஷன் முடியாது, சோற்றைக் குறை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

முதலில் மெஷினைச் சந்தேகப்பட்டேன். நானே ஏறிப் பார்த்தேன். கூச்சமில்லாமல் உண்மையைக் காட்டியது. அடுத்து தைராய்டு. ரத்தப் பரிசோதனை நார்மல். அடுத்து பவர்லூம். அந்த வீட்டில் ஒரு காலத்தில் காலால் மிதித்து நெய்தார்கள். இப்போது ஸ்விட்சைப் போட்டுவிட்டு, இழை அறுகிறதா என்று ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பதுதான் வேலை. உடம்பு போட அதுவும் காரணம்தான். ஆனால் பவர்லூம் வந்து பல வருஷமாயிற்று, எடை ஏறியது போன மாதம்.

கடைசியில் மாமியார் சரோஜாவைச் சந்தேகப்பட்டேன். என் தலையைக் கண்டாலே அந்தம்மா எதையாவது எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவார்.

2. சொல்லாமல் போன நாள்

ஒரு நாள் காலையில் சொல்லாமல் போய் நின்றேன். தேவகி முன்னால் தட்டு நிறையப் பூரி, கிழங்கு. ஓரத்தில் கேசரி, நெய் மினுக்கிக்கொண்டு இருந்தது.

“மாட்டிக்கினியா! இதான் நீ சோறு தொடாத லட்சணமா?”

அவள் பதறவே இல்லை. “இது பலகாரம் நர்சம்மா. ஆபரேஷன் நல்லபடியா ஆவணும்னு மலைமேல முருகனுக்கு வேண்டிக்கினேன். அது வரிக்கும் தெனம் விரதம். சோறு கூடாது, பலகாரம் சாப்பிடலாம்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். கிருத்திகை விரதத்தில் சோறு மட்டும் விலக்கி டிபன் சாப்பிடுவார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மாதம் ஒரு நாள் என்றால் உடம்பு தாங்கும். இவள் தினமும் காலையில் பூரி, மத்தியானம் உப்புமா, சாயந்திரம் போண்டா. அவளுக்குச் சோறு மட்டும்தான் சாப்பாடு, மற்றது எதுவும் கணக்கில் வராது. நானும் வாராவாரம் “சோறு சாப்ட்டியா?” என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“நிறுத்துடி இத!” என்றேன்.

சரோஜாம்மா உள்ளேயிருந்து பாய்ந்து வந்தார். “சாமிக்கு வேண்டிக்கினத உடைக்கச் சொல்றியா? ஒங்க சாமி வேற, எங்க சாமி வேற. இன்னா நெனச்சிக்கினு வந்த நீ?”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே பயமும். இந்த வாசலை இவர் சாத்திவிட்டால் தேவகியை யார் பார்ப்பது? குரலை இறக்கினேன்.

“விரதம் இருக்கட்டும்மா. எண்ணெ வேணாம், சக்கர வேணாம். ரெண்டு இட்லி, வெந்த கொள்ளு, காய் குடு. முருகன் பூரிதான் வேணும்னு கேட்டாரா?”

“ஆங், பாக்கலாம்,” என்று முறைத்தார்.

3. ஆபரேஷன் அன்று

எடை மெல்ல இறங்கியது. டாக்டர் நாள் குறித்தார். வெறும் வயிற்றோடு வர வேண்டும். வயிற்றில் எது இருந்தாலும் மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்கு ஏறிவிடும்.

தியேட்டர் வாசலில் நர்ஸ் கேட்டாள்: “காலைல சாப்பாடு எதனா சாப்ட்டியாம்மா?”

“இல்லீங்க,” என்றாள் தேவகி.

அந்த நர்ஸும் ‘சாப்பாடு’ என்றுதானே கேட்டாள்! சரோஜாம்மாவை ஓரமாக இழுத்தேன். “இட்லி? டீ? பன்னு? பிரசாதம்னு ஒரு வாய்?”

“பச்சத் தண்ணி கூட குடுக்கல. நீ இப்டி ஒண்ணொண்ணா கேப்பன்னு எனக்குத் தெரியாதா? இன்னிக்கு ஊட்ல அடுப்பே பத்த வெக்கல.”

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ்களுக்குச் சொல்கிறேன்: எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டும் முன், நீங்கள் கேட்ட கேள்வியை ஒருமுறை சந்தேகப்படுங்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சரோஜாம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“வேண்டுதல் முடிஞ்சிது. இப்ப இன்னா குடுக்கலாம்? நீ சொல்றத குடுக்கறேன்.”

“டாக்டர் சரின்னதும் சோத்துக் கஞ்சி குடும்மா,” என்றேன்.