பாம்புக் காது அக்கா

அந்தப் பப்பில் பீர் சுமார்தான். அதை முதலாளியே ஒப்புக்கொள்வார். ஆனால் பாட்டு விஷயத்தில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் அச்சகமாக இருந்த தாழ்வான கட்டடம் அது. சரக்குப் பலகைகளைச் சேர்த்து ஆணி அடித்ததுதான் மேடை. டிரம்ஸ்காரர் கொஞ்சம் உற்சாகமானால் முழங்கை சுவரில் இடிக்கும். வேறு இடமே இல்லாததால், பீரோ அளவுக்கு இருந்த ஸ்பீக்கரைக் கவுண்டரை ஒட்டி நிறுத்திவிட்டார்கள். அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பீர் ஊற்றிக் கொடுப்பவள்தான் நம் அக்கா.

அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முழுப் பட்டம் பாம்புக் காது அக்கா. எவ்வளவு சத்தமாகக் கச்சேரி நடந்தாலும் கடைசி மேஜையில் இருப்பவர் தொண்டையைக் கனைத்து "இன்னொண்ணு" என்று முனகினால் போதும், கிளாஸ் போய்ச் சேர்ந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். பழைய ஆட்கள் தங்கள் சொந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல, "அக்காவுக்குப் பாம்புக் காது சார்" என்று பெருமைப்படுவார்கள்.

உண்மை என்னவென்றால், அக்காவுக்குக் காது கேட்காது.

பீரோ அளவு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வருஷக்கணக்கில் நின்றால் யாருக்குத்தான் கேட்கும்? முதலில் வீட்டில் குழாய் சொட்டுவது கேட்காமல் போனது. அதைப் புருஷன் சரி செய்துவிட்டான் என்று நினைத்து அவனைப் பாராட்டவும் செய்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அந்த மனுஷன் தகுதியில்லாத பாராட்டை வேண்டாம் என்று சொல்கிற ரகம் இல்லை. பிறகு அழைப்பு மணி போனது, கடைசியில் அவனே போனான். இப்போதெல்லாம் அவளிடம் பேசுவதற்கு முன் அறை விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவான். அவள் திரும்பிப் பார்ப்பாள், அவன் பேசுவான். வெளியே யாருக்கும் தெரியாது என்பது அக்காவின் நம்பிக்கை. விஷயத்தைக் காதும் காதும் வைத்த மாதிரி வைத்திருந்தாள்.

வேலை மட்டும் தடைபடவில்லை. சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்கு எப்படியும் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கிற பழக்கம் வந்துவிடும். அக்காவுக்கு அது கைவந்த கலை. பாட்டையும் விடவில்லை. முழங்கையைக் கவுண்டர் பலகையில் ஊன்றிக்கொண்டால் பாட்டு மரத்தின் வழியாக ஏறித் தோளுக்கு வந்துவிடும். எந்தப் பாட்டு என்று பலகையே சொல்லிவிடும். தலையாட்டலில் அவள் தப்பு பண்ணியதே இல்லை.

தொல்லை எல்லாம் ஒரே இடத்தில்தான். 'ப' சொன்னாலும் 'ம' சொன்னாலும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியும். மாமா வந்துவிட்டாரா என்று ஒருவர் கேட்டால், பாப்பா வந்துவிட்டதா என்று கேட்பதுபோலவே இருக்கும். மீன் கேட்டவருக்கு பீன்ஸ் போயிருக்கிறது. நல்ல மனிதர், உடம்புக்கு நல்லது என்று சாப்பிட்டுவிட்டுப் போனார். ஒரு சாயங்காலம் பாட்டுக்காரி கையை உயர்த்திப் பாடியபோது சட்டைக்கையில் பட்டன் தெறித்துவிட்டது. பாட்டின் நடுவில் கவுண்டர் பக்கம் திரும்பி, "அக்கா, பட்டன், பட்டன்" என்று உதட்டை அசைத்தாள். அவள் கேட்டது ஊக்கு. மேடைக்கு ஒரு தட்டு மட்டன் போனது.

"பாடிப் பாடிக் களைச்சிருப்பேன்னு அனுப்பினேன்" என்று அக்கா சமாளித்தாள்.

"நல்லவேளை அக்கா, பசிச்சுது" என்றாள் பாட்டுக்காரி. பட்டன் போன சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டாள். விஷயம் அதோடு முடிந்ததாக அக்கா நினைத்தாள்.

மறுநாள் பிற்பகல், கடை திறக்கும் முன், அக்கா கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேடையோரம் முதலாளியும் பாட்டுக்காரியும் பேசிக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்காரி முதுகைக் காட்டி நின்றதால் அவள் சொன்னது தெரியவில்லை. முதலாளியின் முகம் மட்டும் நேராகத் தெரிந்தது. அவர் யோசித்தார், மோவாயைச் சொறிந்தார், பிறகு நிதானமாகச் சொன்னார்:

"அக்காவை நாம மாத்திக்கலாம்."

அக்கா கையில் இருந்த கிளாஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், அது எப்போதோ காய்ந்துவிட்டது. இங்கே வேலைக்கு வந்தபோது முதலாளிக்குத் தலைமுடி இருந்தது, பாட்டுக்காரிக்குப் பல் முளைத்திருக்குமோ என்னவோ. இந்தக் கவுண்டரை விட்டால் அவளுக்கு வேறு வேலை கிடைக்காது என்பதல்ல. வேறு எந்த இடத்திலும் அவள் பாம்புக் காது அக்கா இல்லை. வெறும் காது கேட்காத ஒரு பொம்பளை. அந்த நினைப்புத்தான் அவளை வதைத்தது.

அன்று வீட்டில் புருஷன் விளக்கை அணைத்துப் போட்டான். அவள் திரும்பவில்லை. மறுபடி அணைத்துப் போட்டான். பக்கத்து வீட்டுக்காரர் தங்கள் வீட்டிலும் மின்சாரம் போகிறதா என்று ஜன்னலைத் திறந்து பார்க்கிற அளவுக்கு ஆனபிறகுதான் திரும்பினாள்.

"என்ன ஆச்சு?"

"என்னை மாத்தப் போறாங்களாம். முதலாளி சொன்னாரு."

"உங்கிட்டயா சொன்னாரு?"

"இல்ல. சொன்னதை நான் பார்த்தேன்."

"காது கேக்கலன்னு நீயே சொல்லிடேன். அப்புறம் மாத்தினா மாத்தட்டும்."

"சொல்லிட்டு? எல்லாரும் எங்கிட்ட வந்து குழந்தைக்குச் சொல்ற மாதிரி அ…ம்…மா…ன்னு வாயைத் திறந்து பேசவா? எனக்குக் கேக்கும்னு காட்டறேன் பாருங்க."

அப்படிக் காட்ட ஆரம்பித்ததுதான் வினையாகப் போனது. கேட்காதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, காது உள்ளவர்கள்கூடக் கேட்காததையெல்லாம் கேட்பதாகச் சொல்லத் தொடங்கினாள். கிட்டார்காரரைப் பார்த்தால், "நேத்து நாலாவது கம்பி கொஞ்சம் இறங்கி இருந்துச்சே" என்பாள். அவர் பயந்துபோய்க் கம்பியையே மாற்றினார். சமையல்கட்டு மாஸ்டரிடம் போய், "எண்ணெய் ரொம்பப் பொரியுற சத்தம் கேக்குது, அடுப்பைக் குறைங்க" என்றாள். அடுப்பே பற்ற வைக்கவில்லை. மாஸ்டர் பற்ற வைத்து, குறைத்தும் வைத்தார். யாரும் எதிர்த்துப் பேசாததைப் பார்த்து அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. திட்டம் பலிக்கிறது என்று நினைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கடையில் எள் போட்டால் விழாது. இன்றைக்கு முதலாளியின் கண் முன்னால் பாட்டை ரசித்துக் காட்டிவிட வேண்டும் என்று அக்கா முடிவு செய்திருந்தாள். பாதிக் கச்சேரியில் கவுண்டரை மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு, மேஜைகளுக்கு நடுவே வந்து நின்றாள். கை கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, பெரிய சங்கீத விமர்சகர் தோற்றார். பலகையில் இருந்து முழங்கையை எடுத்துவிட்டோமே என்கிற யோசனை அவளுக்கு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மேடைக்குப் போகிற கரண்ட் போய்விட்டது. விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. மைக், கிட்டார், பீரோ ஸ்பீக்கர் எல்லாம் ஊமையாகிவிட்டன. டிரம்ஸ்காரர் கையை நிறுத்தினார். கடையே கப்சிப் ஆனது.

பாட்டுக்காரி மைக்கைத் தட்டிப் பார்த்தாள். கிட்டார்காரர் பக்கம் திரும்பி, "மைக் போச்சு" என்றாள். அவர் கிட்டாரைக் குடைந்துகொண்டிருந்ததால் நிமிரவில்லை. "மைக் போச்சு" என்றாள் மறுபடி. முதலாளி ஸ்பீக்கருக்குப் பின்னால் தவழ்ந்து போவதைப் பார்த்து அவரிடமும், "மைக் போச்சு, மைக் போச்சு" என்றாள்.

அக்கா உன்னிப்பாகக் கவனித்தாள். பைக் போச்சு, பைக் போச்சு. புதுப் பாட்டு போல. வண்டியைப் பறிகொடுத்த எவனோ வயிறெரிந்து எழுதியிருக்கிறான். டிரம்ஸ்காரர் சும்மா இருந்த நேரத்தில் குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். அந்தச் சொறிதலில் அவளுக்குத் தாளமும் கிடைத்துவிட்டது. கையைத் தட்டினாள். தட்டினால் மட்டும் போதுமா, பாட்டு தனக்குக் கேட்கிறது என்பது எல்லோருக்கும் கேட்க வேண்டாமா? குரலை எடுத்துவிட்டாள்.

"பைக் போச்சு… பைக் போச்சு…"

ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில், கடை நடுவில் நின்று ஒரே ஒரு பெண்மணி கண்ணை மூடி, கை தட்டி, தொலைந்த பைக்குக்காகப் பாடிக்கொண்டிருந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. அது பெரிய விஷயம், ஏனென்றால் அங்கே இருந்த பாதிப் பேர் வழக்கமாகத் தங்கள் ஜோக்குக்குத் தாங்களே சிரிக்கிறவர்கள். டிரம்ஸ்காரர் மட்டும் முதுகில் இருந்த குச்சியை இறக்கினார். அக்காவின் கைதட்டலைக் கொஞ்சம் கவனித்தார். பிறகு அதே தாளத்தில் மெதுவாக அடிக்க ஆரம்பித்தார். பாட்டுக்காரி செத்துப்போன மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைத் திறந்து, "பைக் போச்சு" என்றாள். முன் மேஜை சேர்ந்தது. கடைசி மேஜை சேர்ந்தது. நிஜமாகவே போன மாதம் பைக்கைத் திருட்டுக் கொடுத்த ஒருவர் எழுந்து நின்று கண்ணீரும் கம்பலையுமாகப் பாடினார்.

அக்கா கண்ணைத் திறந்தாள். எல்லா வாயும் அசைந்தன. ஆஹா, நல்ல வேளை, சரியாகத்தான் பிடித்திருக்கிறோம் என்று நினைத்தபோது, ஸ்பீக்கருக்குப் பின்னால் இருந்து தலையெல்லாம் ஒட்டடையோடு முதலாளி எழுந்தார். கையில் கருகிய பிளக். ஸ்பீக்கரின் நெற்றியில் எப்போதும் எரிகிற சிவப்புப் பொட்டு விளக்கு அணைந்திருந்தது.

அந்த விளக்கை அவள் எத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறாள். அது எரியாமல் பாட்டு கிடையாது. அப்படியானால் இவ்வளவு நேரம் பாட்டே இல்லை. பாடியது அவள்தான். குட்டு உடைந்துவிட்டது. கூட்டம் இன்னும் பாடிக்கொண்டிருக்க, அக்கா நடந்து கவுண்டருக்குப் போனாள். ஏப்ரனைக் கழற்றி மடித்தாள். பின்னாலேயே முதலாளியும் பாட்டுக்காரியும் ஓடி வந்தார்கள்.

"எனக்குக் காது கேக்காது" என்றாள் அக்கா. "அதான் தெரிஞ்சு போச்சே. நீங்க மாத்தறதுக்கு முன்னாடி நானே போயிடறேன்."

"யாரு மாத்தறது?" என்றார் முதலாளி.

"நீங்கதான். மேடைகிட்ட நின்னு சொன்னீங்க. அக்காவை நாம மாத்திக்கலாம்னு. நான் பார்த்தேன்."

முதலாளி விழித்தார். பிறகு அவருக்கு நினைவு வந்தது. வேகமாகக் கையை ஆட்டிக்கொண்டே பேசினார். அவர் உதட்டில் அக்கா படித்தது இது: "நான் மாத்திக்கலாம்னு சொல்லல அக்கா, மாத்திக்கலாம்னுதான் சொன்னேன்."

"ஒரே வார்த்தையை இல்லைன்னும் சொல்றீங்க, ஆமான்னும் சொல்றீங்க. எனக்கே காது குத்தறீங்களா?"

முதலாளி மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார். அப்படிச் சொன்னால் 'ம' வராது என்பது அவர் எண்ணம். வந்ததும் வராததும் அக்காவுக்கு எப்படித் தெரியும்? இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தாள். கடைசியில் அவர் கிளாஸ் வைத்து எடுத்த ஈரம் படிந்த கவுண்டர் பலகையில் விரலை வைத்து ஒரே ஒரு எழுத்தை எழுதினார்.

பா.

அக்கா அந்த எழுத்தைப் பார்த்தாள். அக்காவை நாம பாத்துக்கலாம். மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. அழுகையோடு அழுகையாகக் கோபமும் வந்தது.

"எப்பலேருந்து தெரியும்?"

"ரொம்ப நாளா" என்றாள் பாட்டுக்காரி, முகத்தை நேராகக் காட்டி. "கிட்டார் அண்ணன் மீசையை எதுக்கு எடுத்தாருன்னு நினைக்கிறீங்க? அவர் பேசறது உங்களுக்குப் புரியலன்னுதான். கடைசி மேஜைக்கு மேல தனியா ஒரு விளக்கு போட்டது எதுக்கு? அங்க உக்கார்றவங்க வாய் உங்களுக்குத் தெரியட்டும்னு."

"அப்ப இத்தனை வருஷமா உங்களையெல்லாம் நான் ஏமாத்தறேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நீங்க எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமாக்கா" என்றார் முதலாளி.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள், ஏப்ரனை மறுபடி கட்டிக்கொண்டாள். மாஸ்டர் இதற்குள் ஊற்றி வைத்திருந்த கிளாஸ்களில் நுரைதான் அதிகம் இருந்தது, அவரைச் சமையல்கட்டுக்கு விரட்டினாள். கடைசி மேஜையில் விளக்குக்குக் கீழே பைக்கைப் பறிகொடுத்தவர் கையை உயர்த்தி உதட்டை அசைத்தார். மீனா, பீன்ஸா? அக்கா இரண்டையும் ஒரு நொடி யோசித்தாள். பிறகு இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடச் சொல்லாததைக் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்குக் காது கேக்காது. இங்க வந்து சொல்லுங்க."

அவர் கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார்.