டூட்டிங்கில் ஒரு பரம்பரை கேக்

லண்டனின் டூட்டிங் சந்தைக்குள் மீன்கடையை அடுத்து ஒரு பலகை தொங்குகிறது: 'மெனனைட் வீட்டுச் சமையல், பரம்பரைச் செய்முறை'. மெனனைட்டுகள் பழைய முறையில் எளிமையாக வாழும் கிறிஸ்தவர்கள். கீழே வெல்லப்பாகு கேக் விற்பவரோ யாழ்ப்பாணத்துச் சிவநேசன். பரம்பரை என்றால் எனக்கும் வாயூறும், வரிசையில் நிற்கிறேன்.

"இது எந்தப் பரம்பரைங்க?" என்கிறேன்.

"கனடாவில அவையளின்ர பேக்கரியில வேலை செய்தனான், தம்பி. அவையள் போடுற பாகு எனக்குப் பிடிக்கேல்லை. நான் எங்கட ஊர்ப் பனங்கட்டி போடுறன்."

எனக்குப் பின்னால் நிற்கும் அம்மாள் கனடாவிலிருந்து வந்தவராம். தானும் மெனனைட்தான் என்று ஆங்கிலத்தில் சொல்கிறார். கேக் வெட்டும் சிவநேசனின் கை பாதியில் நிற்கிறது.

அம்மாள் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடுகிறார். தங்கள் வீட்டில் இப்போதெல்லாம் பாக்கெட் மாவுதானாம். அசல் ருசியை இங்கேதான் கண்டாராம். எப்படிச் செய்வது என்று கெஞ்சுகிறார்.

சிவநேசன் நிமிர்ந்து, ஆங்கிலத்தில் மரியாதையாக மறுக்கிறார். பிறகு என்னிடம் திரும்புகிறார்.

"குடும்ப ரகசியமெல்லோ தம்பி. வெளி ஆக்களுக்குச் சொல்ல ஏலாது."