உள்ள பயம் கீது

உத்திரமேரூர்ப் பக்கம் சுகுமாருக்குக் ‘காது மெக்கானிக்’ என்றுதான் பெயர். ஷெட்டுக்கு வெளியே வண்டி வந்து நிற்பதற்குள், உள்ளே டீ குடித்துக்கொண்டிருக்கிற மனிதன் “வீல் பேரிங் போச்சி” என்று குரல் கொடுப்பான். அது சரியாகவும் இருக்கும். அந்தத் தலைக்கனம் அவனுக்கு உண்டு, இல்லையென்றால் பொய். வண்டிக்காரன் “அண்ணா, சத்தம் எங்கேர்ந்து வருதுன்னா...” என்று வாயைத் திறந்தால் போதும், “நீ கம்முனு இரு, வண்டியே சொல்லும்” என்று அடக்கிவிடுவான். யாரையும் முழுசாகப் பேசவிட்டதில்லை, மகராசன்.

அவன் கைக்கு முதன்முதலில் நம்பி வண்டியைக் கொடுத்தவர் காவாந்தண்டலம் ராஜாராம். நிலபுலம் உள்ள விவசாயி. அவருடைய அப்பா காலத்து மோரிஸ் கார் அது. ஊரில் பாதிப்பேருக்கு அந்த வண்டியைவிட வயது குறைவு. பெரியவர் என்றால் சுகுமாருக்கு உயிர்.

போன ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி முடிந்த கையோடு பெரியவருக்கு வாதம் அடித்தது. வலது கையும் காலும் விழுந்தன. நாக்கும் குழறிப் போய், ஒன்றிரண்டு சொல்தான் மிச்சம். மகள் இளவரசிதான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். சாயங்காலமானால் அவரைத் தூக்கி மோரிஸில் முன்சீட்டில் உட்காரவைத்து ஏரிக்கரை வரை ஓட்டிக்கொண்டு போவாள். காற்று முகத்தில் பட்டால் அவருக்குக் கோணல் வாயிலும் சிரிப்பு வரும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் மனிதர் பகல் முழுக்கக் கட்டிலில் கிடந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம். பின்பக்கத்தில் ‘டொக்’. வளைவில் திரும்பினால் ஒன்று, பிரேக் போட்டால் ஒன்று. சுகுமார் பட்டைப் புஷ்ஷை மாற்றினான், ஷாக் அப்சார்பரை மாற்றினான், சைலன்சரை இழுத்துக் கட்டினான். சத்தம் போகவில்லை. சரி, ஓட்டிப் பார்ப்போம் என்று அவனே ஸ்டியரிங்கைப் பிடித்தான். பக்கத்தில் பெரியவர், பின்னால் இளவரசி. முதல் வளைவில் ‘டொக்’ என்றதும் பெரியவர் இடது கையைப் பின்னால் ஆட்டினார்.

“பயம்... உள்ள... பயம் கீது.”

அடுத்த வளைவிலும் அதையே சொன்னார். யாரும் பதில் சொல்லாததால் சீட்டைத் தட்டித் தட்டிச் சொன்னார். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வீட்டில் இறக்கிய பிறகு சுகுமார் இளவரசியைத் தனியாகக் கூப்பிட்டான். “பெரியவருக்கு உள்ள பயம் பூந்துட்ச்சிம்மா. சத்தத்துக்கு மெரள்றாரு. மறுபடியும் எதுனா ஆய்ட்டா இன்னா பண்ணுவ? சத்தம் இன்னான்னு தெரியற வரிக்கும் வண்டில ஏத்தாத.”

“அவருக்கு இது ஒண்ணுதானண்ணா கீது...”

“நான் சொல்றத கேளும்மா.”

அவள் கேட்டாள். மோரிஸ் ஷெட்டுக்கு வந்தது. மழை பிடித்துக்கொண்டது, வேறு வேலைகளும் குவிந்தன. இளவரசி போன் செய்யும்போதெல்லாம் “தோ, பாத்துக்கினே கீறேம்மா” என்பான். அங்கே பெரியவர் சாயங்காலமானால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டு வாசலைப் பார்ப்பார். கார்த்திகை வரைக்கும் பார்த்தார். பிறகு தட்டுவதை விட்டுவிட்டார்.

பொங்கல் முடிந்து ஒருநாள் இளவரசியே ஷெட்டுக்கு வந்து நின்றாள். டிக்கியின் பக்கவாட்டு அட்டையைக் கழற்றி, துரு ஏறியிருக்கிறதா என்று உள்ளே கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தான் சுகுமார். உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்தால், காய்ந்து கட்டையாகிப்போன விளாம்பழம்! அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“இளவரசிம்மா, இங்க வந்து பாரு கூத்த! உள்ள பயம் கீதும்மா!”

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டான்.

எங்கள் பக்கத்து நாக்குக்கு ‘ழ’ என்றைக்கு வந்தது? வாழைப்பழம் இங்கே வாயப்பயம். விளாம்பழம் வெளாம்பயம். பிறந்ததிலிருந்து அவனும் அப்படித்தான் சொல்கிறான், அவளும் அப்படித்தான். இரண்டு பேரில் ஒருத்தருக்காவது உறைத்திருக்க வேண்டாமா?

“புள்ளையார் சதுர்த்திக்கு வாங்கியாந்தாரு,” என்றாள் இளவரசி மெதுவாக. “பை கியிஞ்சி டிக்கில கொட்டிக்கிச்சின்னு சொன்னாரு. அத்ததான் சொல்லிக்கினு இருந்தாரா நைனா?”

சுகுமார் தலையில் அடித்துக்கொண்டான். அவள் அவனைத் திட்டவில்லை. வண்டியை எடுக்கச் சொன்னாள்.

பெரியவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். உடம்பு பாதியாகக் கரைந்திருந்தது. சுகுமார் பழத்தை அவர் இடது கையில் வைத்தான். “நீங்க சொன்னதுதான் கரீட்டு பெரியவரே. நான்தான் மடப்பய. சத்தம் போய்ட்ச்சி, வாங்க, ஏரிக்கரைக்குப் போலாம்.” அவர் பழத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். ஒரு அறை விட்டிருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பழத்தைக் கட்டிலோரம் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். தெருமுனை தாண்டும் வரை சும்மா இருந்தார். எதிரே ஒரு மணல் லாரி வந்ததும் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. இடது கை கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டது. நெற்றியெல்லாம் வேர்வை. ஆயுசு முழுக்க இதே வண்டியை இதே சாலையில் ஓட்டியவர்.

“கொஞ்ச தூரம் போனா சரியாய்டும்,” என்றான் சுகுமார்.

“வாணாண்ணா. திருப்பு.”

திருப்பினான். கட்டிலில் படுக்கவைத்த பிறகும் பெரியவரின் கை மகளை விடவில்லை. சுகுமார் வாசற்படியில் நின்றுகொண்டு, “பெரியவரு பயந்துட்டாரும்மா. நாளிக்கி மறுபடியும் இட்டுனு போய்ப் பாக்கலாமா?” என்று கேட்டான்.

அவள் அப்பாவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

“அன்னிக்கி நைனாவுக்கு பயமே இல்லண்ணா. இப்பதான் வந்துகீது.”